வண்டி எந்த நிலையத்தில் நின்றது? விஎம்வேரிலிருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றிய கணினி எழாதபோது

செங்கோட்டைக்காரர்களுக்குப் பாதை மாற்றம் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1904-இல் கொல்லத்துக்கு மலையேறிப் போன மீட்டர் பாதையை, புனலூர் வரையிலான மலைப்பகுதியில் 2010-இல் நிறுத்தினார்கள். அகலப்பாதையாகத் திறந்தது 2018-இல். அதுவரை ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் பஸ்தான் கதி. கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி அதன்மேலேயே புதிய பாதை போட்டார்கள். ஆனால் பழைய பெட்டியைத் தூக்கிப் புதிய தண்டவாளத்தில் வைத்து ஓட்ட முடியாது. பெட்டிக்குள் இருக்கை, விளக்கு, மின்விசிறி எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். அடியில் சக்கரங்களின் இடைவெளி ஆயிரம் மில்லிமீட்டருக்கானது, தண்டவாளமோ 1,676.

மெய்நிகர் கணினியை, அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினியை, ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ், கணக்கு மென்பொருள், ஐந்து வருடத்து பில் என்று உள்ளே இருப்பதெல்லாம் அலுங்காமல் வந்து சேரும். கீழே டிஸ்க் கட்டுப்படுத்தி வேறு, நெட்வொர்க் அட்டை வேறு, கணினியை எழுப்பும் பயாஸ் வேறு. பழைய சக்கரத்தைத் தேடிக்கொண்டு கணினி எங்கோ ஓரிடத்தில் நிற்கும்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தளமான விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்று எல்லாம் சந்தாவானது. 2024 பிப்ரவரியில் விஎம்வேரின் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. அது திரும்புவதற்குள் நான் பார்த்துக்கொள்ளும் இடங்களெல்லாம் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற இன்னொரு தளத்துக்கு வந்துவிட்டன. செங்கோட்டையில் ஓர் அரிசி மண்டி, புளியரையில் ஒரு மரக்கடை, மலைக்கு அந்தப்பக்கம் ஒரு மருந்து மொத்தக்கடை. எல்லாம் ஒற்றைச் சர்வர் வைத்திருக்கும் சிறிய இடங்கள். அங்கே அடிபட்டுக் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

மாற்றிய கணினி எழவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: எதுவரை வந்து நின்றது? பகவதிபுரத்தில் நின்ற வண்டிக்கும் இடமணில் நின்ற வண்டிக்கும் கோளாறு ஒன்றாக இருக்காது. திரையில் கடைசியாகத் தெரிந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

தொடங்கும் முன், அவசரமாக

பழைய கணினியை அழிக்காதீர்கள். அணைத்து வைத்தால் போதும். அணைப்பதற்கு முன் அதிலுள்ள விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருளை நீக்கிவிடுங்கள். மாற்றிய பிறகு நீக்கப் பார்த்தால், இது விஎம்வேர் கணினியே அல்ல என்று சொல்லி அதன் நீக்கி முரண்டு பிடிக்கும். ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் காகிதத்தில் எழுதுங்கள். விஎம்எக்ஸ் என்று முடியும் அமைப்புக் கோப்பைத் தனியாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பல இடங்களில் அதுதான் சாட்சி சொல்லும். விர்ட்ஐஓ, அதாவது பிராக்ஸ்மாக்ஸ் காட்டும் மெய்நிகர் டிஸ்க், நெட்வொர்க் சாதனங்களுக்கான டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஏறத்தாழ 700 எம்பி இருக்கும். ஆரியங்காவில் ஒரு மழை இரவில் கைப்பேசி இணையத்தை நம்பி அதை இறக்க உட்கார்ந்தவன் நான். தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் கேரளக் கோபுரத்துக்கும் நடுவே சிக்னல் பந்தாடிக்கொண்டிருக்க, விடிந்ததுதான் மிச்சம்.

விண்டோஸை அணைக்கும்போது ஓர் எச்சரிக்கை. துரித துவக்கம் என்ற வசதி இயங்கினால், அணைத்ததாக நாம் நினைப்பது உண்மையில் அரைத்தூக்கம். டிஸ்க் முழுமையாக மூடப்பட்டிருக்காது, மாற்றும் கருவிகள் அதைத் தொட மறுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள்.

நகல் ஆமை வேகத்தில் போகிறது, பாதியில் நிற்கிறது, அல்லது வந்த கோப்பு சில கேபி மட்டும்

மூன்றும் மூன்று நோய்.

ஆமை வேகம் என்றால் முதலில் நெட்வொர்க் ஸ்விட்சைப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி அளவில் போகும். 500 ஜிபி டிஸ்க் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும். நடுவில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று இருந்தால் நொடிக்குப் பதினொரு எம்பிதான். அதே டிஸ்க்குக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மண்டியில் மாட்டியிருந்தது அப்படி ஒன்று. பரண்மேல், சணல் சாக்குக்குப் பின்னால். மூலக்கணினிக்கும் புதுச் சர்வருக்கும் நேராக ஒரு கேபிளைப் போட்டு முடித்தேன்.

சரியாக நான்கு ஜிபியில் நகல் நின்றால், நீங்கள் கொண்டுவந்த பென்டிரைவோ வெளி டிஸ்க்கோ ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு அதற்குமேல் வளராது. எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்து மறுபடி தொடங்குங்கள்.

மின்சாரம் போனதால் பாதியில் நின்றதென்றால் ஆறுதல் சொல்வதற்கில்லை. டிஸ்க்கை மாற்றித்தரும் கியூஎமு-இமேஜ் கருவிக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. முதலிலிருந்துதான். ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் பக்கத்தில் மின்கம்பிமேல் கிளை விழாத வாரம் கிடையாது. அதனால் அந்த இரண்டு மாதமும் யுபிஎஸ் பேட்டரியைச் சோதிக்காமல் பெரிய டிஸ்க் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோப்பு சில கேபி மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். விஎம்வேரில் ஒரு டிஸ்க் என்பது பெரும்பாலும் இரண்டு கோப்புகள். விஎம்டிகே என்று முடியும் சிறியது வெறும் விவரக்குறிப்பு. அதை எழுத்துக்கோப்பாகத் திறந்தே படிக்கலாம். ‘ஃபிளாட்’ என்று பெயரில் சேர்த்துக்கொண்டிருக்கும் பெரியதில்தான் சரக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே அடைவில் வைத்து, மாற்றும் கருவிக்குச் சிறியதன் பெயரைக் கொடுங்கள். விலாசம் இல்லாமல் சரக்கு மட்டும் வந்தாலும் பயனில்லை, சரக்கு இல்லாமல் விலாசம் மட்டும் வந்தாலும் பயனில்லை.

மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் தளமான ஹைப்பர்-வியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சின்ன வழுக்கல் உண்டு. விஎச்டி கோப்பை கியூஎமு-இமேஜ் அந்தப் பெயரில் அறியாது; ‘விபிசி’ என்றுதான் வடிவத்தைச் சொல்ல வேண்டும். விஎச்டிஎக்ஸ் மட்டும் அதே பெயரில் செல்லும்.

நகல் முடிந்ததும் அதே கருவியில் ஒப்பிடும் கட்டளை ஒன்று இருக்கிறது. மூலமும் நகலும் ஒன்றேதான் என்று அது சொல்லும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நேரம் எடுக்கும். டீ குடித்துவிட்டு வரலாம்.

பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது

வண்டி நிலையத்தை விட்டே நகரவில்லை. பத்தில் ஐந்து முறை காரணம் வெட்கப்படும் அளவுக்குச் சாதாரணமானது. கட்டளை வழியாக டிஸ்க்கைக் கொண்டுவந்தால் பிராக்ஸ்மாக்ஸ் அதைப் ‘பயன்படுத்தாத டிஸ்க்’ என்று பட்டியலில் ஓர் ஓரமாக வைக்கும், தானாக மாட்டாது. வன்பொருள் பக்கத்தில் அதன்மேல் இருமுறை சொடுக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு தெரிவுகள் பக்கத்தில் பூட் வரிசைக்குள் போய் அதற்கு டிக் போட வேண்டும். இரண்டாவதை எல்லாரும் மறப்பார்கள். நானும்.

இரண்டும் சரியாக இருந்தும் எழவில்லையா? பழைய விஎம்எக்ஸ் கோப்பைத் திறந்து ‘ஃபர்ம்வேர்’ என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள். அதில் இஎஃப்ஐ என்று இருந்தால், அந்தக் கணினி யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் நிறுவப்பட்டது. வரியே இல்லையென்றால் பழைய பயாஸ் முறை. பிராக்ஸ்மாக்ஸில் புதுக் கணினிக்கு இயல்பாக வருவது பழைய முறைக்கான சீபயாஸ். யுஇஎஃப்ஐ கணினிக்கு அதை ஓவிஎம்எஃப் என்று மாற்றி, கூடவே சிறிய இஎஃப்ஐ டிஸ்க் ஒன்றையும் சேர்க்க வேண்டும். ஹைப்பர்-விக்காரர்கள் தலைமுறையைப் பார்த்தால் போதும். முதல் தலைமுறை பயாஸ், இரண்டாம் தலைமுறை யுஇஎஃப்ஐ.

ஓவிஎம்எஃப் வைத்தும் டெபியன் போன்ற லினக்ஸ் எழாமல் போவதுண்டு. எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்பு பழைய தளத்தின் நினைவகத்தில் இருந்தது; அது டிஸ்க்கோடு பயணம் செய்யாது. விண்டோஸ் பொதுவான ஒரு மாற்றுப் பாதையிலும் தன் கோப்பை வைத்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும். டெபியன் அப்படி வைப்பதில்லை. எஸ்கேப் விசையை அழுத்தி ஓவிஎம்எஃப் பட்டிக்குள் போய், பூட் பராமரிப்புப் பகுதியில் ‘கோப்பிலிருந்து பூட் செய்’ என்பதைத் தேர்ந்து, டெபியன் அடைவுக்குள் இருக்கும் கிரப் (லினக்ஸை எழுப்பும் நிரல்) கோப்பைக் கையால் காட்டுங்கள். எழுந்தபின் கிரப்பை மறு அமைப்புச் செய்யும்போது, நீக்கக்கூடிய ஊடகத்தின் பாதையிலும் ஒரு நகல் போடவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை தொந்தரவு இல்லை.

விண்டோஸ் சின்னம் சுற்றுகிறது, பிறகு நீலத்திரை

அடிக்கடி வருவதும், பலரை மாற்றத்தையே கைவிடச் செய்வதும் இதுதான். அணுக முடியாத பூட் சாதனம் என்று பொருள்படும் ஆங்கில வாசகம் நீலத்திரையில் இருக்கும். பழைய விண்டோஸாக இருந்தால் 7பி என்று முடியும் எண். டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. விண்டோஸ் தன்னை எழுப்பும் முதல் சில நொடிகளிலேயே டிஸ்க்கோடு பேசும் டிரைவரைத் தேடுகிறது. விஎம்வேர் கட்டுப்படுத்திக்கான டிரைவர் அதனிடம் இருக்கிறது. விர்ட்ஐஓ கட்டுப்படுத்தியை அது வாழ்நாளில் பார்த்ததில்லை.

கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா இணைப்பில் மாட்டுங்கள். சாட்டா டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் எழுந்துவிடும். மெதுவாக இருக்கும், பரவாயில்லை. அதோடு ஒரு ஜிபி அளவில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கஸி இணைப்பில் சேருங்கள். எழுந்த பிறகு ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவர் தொகுப்பை நிறுவுங்கள். டிஸ்க் மேலாண்மைப் பகுதியில் அந்த ஒரு ஜிபி டிஸ்க் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால் அணைத்துவிட்டு, பெரிய டிஸ்க்கையும் ஸ்கஸிக்கு மாற்றுங்கள். பூட் வரிசையில் மறுபடி டிக். பிறகு வெற்று டிஸ்க்கைத் தூக்கிப் போடலாம்.

அந்த வெற்று டிஸ்க் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். டிரைவரை நிறுவினால் போதாதா? போதாது. அந்த டிரைவருக்குரிய சாதனம் ஒன்றை ஒருமுறையாவது நேரில் கண்டால்தான், விண்டோஸ் அதைப் பூட் நேரத்தில் ஏற்ற வேண்டியவற்றின் வரிசையில் சேர்க்கும். மருந்துக்கடையில் இதைத் தெரியாமல் நான் டிரைவரை மட்டும் மூன்று முறை நிறுவினேன், மூன்று முறையும் அதே நீலத்திரை. கடைப்பையன் நாலாவது டீயோடு வந்து, “அண்ணே, இந்த நீலம்தான் நன்றாக வருகிறதே, இதையே வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டான். பெண்ணுக்கு வரன் பார்க்கப் போனவர்கள் புகைப்படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் கல்யாணம் நடக்குமா? நேரில் பார்க்க வேண்டும். விண்டோஸும் அப்படித்தான்.

டிரைவரை நிறுவியும் வெற்று டிஸ்க்கை விட்டுவிட்டவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பாதுகாப்பு முறையில் ஒருமுறை எழுமாறு அமைத்துவிட்டு இணைப்பை மாற்றுங்கள். அந்த முறையில் விண்டோஸ் பூட் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்கும். எழுந்ததும் அந்த அமைப்பை நீக்கி, வழக்கமான முறையில் எழுப்புங்கள்.

சாட்டாவிலும் நீலத்திரை என்றால் ஐடிஇ இணைப்பை முயலுங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் விண்டோஸ் நிறுவல் ஐஎஸ்ஓவில் பழுதுநீக்கும் பகுதிக்குள் போய், டிஸ்ம் கட்டளையால் டிரைவரை உறங்கும் விண்டோஸுக்குள்ளேயே ஏற்றலாம். பத்துக் கணினிக்குமேல் மாற்றுபவர்கள் இந்த வேலையையெல்லாம் விர்ட்-வி2வி கருவியிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது. மாற்றும்போதே டிரைவரை உள்ளே வைத்துவிடும். ஒன்றிரண்டுக்கு வெற்று டிஸ்க் முறையே எனக்குப் பிடித்தது. எங்கே தவறினோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

எழுந்தது, ஆனால் டி டிரைவைக் காணவில்லை

கணக்கு மென்பொருள் திறக்காது, உரிமையாளர் முகம் வெளுக்கும். பதற வேண்டியதில்லை. விண்டோஸ் சர்வர் பதிப்புகள், புதிதாக ஸ்கஸியில் வந்த இரண்டாம் டிஸ்க்கைச் சந்தேகத்தோடு இணைப்பற்ற நிலையில் வைக்கும். டிஸ்க் மேலாண்மையில் அதன்மேல் வலது சொடுக்கி ‘ஆன்லைன்’ கொடுங்கள். அவ்வளவே.

லினக்ஸ் பாதி வழியில் நின்று அவசரக் கட்டளைத்திரையைக் காட்டுகிறது

ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸில் இது நடக்கும். டிராகட் என்ற பெயரும், வேர் டிஸ்க்குக்காகக் காத்துக் காத்துக் காலாவதியானது என்ற செய்தியும் திரையில் இருக்கும். அந்த லினக்ஸ் தன் தொடக்க நினைவகப் படிமத்தைச் செய்தபோது, அன்று தன்னிடமிருந்த வன்பொருளுக்கான டிரைவர்களை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டது. விர்ட்ஐஓ அன்று இல்லை, மூட்டையிலும் இல்லை. டெபியனும் உபுண்டுவும் இயல்பாகவே பெரிய மூட்டையோடு கிளம்புபவை. அவற்றில் இந்தத் தொல்லை அபூர்வம்.

மறுபடி எழுப்பி, கிரப் பட்டியலில் கடைசியாக இருக்கும் ‘மீட்பு’ கர்னலை (கர்னல் என்பது லினக்ஸின் கரு) தேர்ந்தெடுங்கள். அதன் மூட்டையில் எல்லா டிரைவரும் இருக்கும். உள்ளே போனதும், எல்லாக் கர்னல்களுக்கும் படிமத்தை மறுபடி உருவாக்கும்படி டிராகட்டுக்குக் கட்டளை கொடுத்துவிட்டுத் திரும்ப எழுப்பினால் வேலை முடிந்தது. இணைப்பை விர்ட்ஐஓ ஸ்கஸிக்குப் பதில் விர்ட்ஐஓ பிளாக் என்று கொடுத்திருந்தால் டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ என்பதிலிருந்து விடிஏ என்று மாறியிருக்கும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரை நேரடியாக எழுதிவைத்த பழங்காலத்து லினக்ஸ் அதிலும் தடுக்கி விழும். ஸ்கஸியே மேல்.

ரெட் ஹாட் 9, ஆல்மா 9, ராக்கி 9 மூன்றிலும் இன்னொரு விபத்து உண்டு. கர்னல் எழுந்தவுடனேயே, இந்தச் செயலி எக்ஸ்86-64-வி2 தரத்தில் இல்லை என்று ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் அலறி நின்றுவிடும். சர்வரில் உண்மையில் நல்ல செயலிதான் இருக்கும். நாம் கேவிஎம்64 என்ற மிகப் பழைய செயலி வகையை அந்தக் கணினிக்குக் காட்டியிருப்போம். செயலி வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றினால் அலறல் அடங்கிவிடும்.

எல்லாம் சரி, நெட்வொர்க் மட்டும் இல்லை

லினக்ஸில் நெட்வொர்க் அட்டையின் பெயர் அது செருகப்பட்டிருக்கும் இடத்தைப் பொறுத்து அமைகிறது. விஎம்வேரில் இஎன்எஸ்192 என்றிருந்தது பிராக்ஸ்மாக்ஸில் இஎன்எஸ்18 ஆகியிருக்கும். பழைய பெயருக்கு எழுதிய ஐபி அமைப்பு ஆளில்லாத வீட்டுக்குப் போன கடிதம்போல் அப்படியே கிடக்கும். நெட்பிளான் கோப்பிலோ அட்டைக்கான அமைப்புக் கோப்பிலோ புதிய பெயரை எழுதுங்கள்.

விண்டோஸில் வேறு மாதிரி. புதிய அட்டைக்குப் பழைய ஐபியைக் கொடுக்கப் போனால், அந்த முகவரி ஏற்கெனவே வேறோர் அட்டையிடம் இருப்பதாகச் சொல்லும். அந்த வேறோர் அட்டையோ எங்கும் தென்படாது. கழற்றப்பட்ட விஎம்வேர் அட்டையின் ஆவி பதிவேட்டில் குடியிருக்கிறது. சாதன மேலாளரில் காட்சிப் பட்டியலைத் திறந்து, மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரியும் அட்டையை நீக்கிவிட்டு ஐபியைக் கொடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் இணைப்பு வந்து வந்து போகிறதென்றால், மன்னிக்கவும், பழைய கணினியை யாரோ எழுப்பிவிட்டார்கள். ஒரே முகவரியில் இருவர். மரக்கடையில் மின்சாரம் போய் வந்தபோது பழைய இஎஸ்எக்ஸ்ஐ சர்வர் தானாக எழுந்து, தன்னிடமிருந்த கணினியையும் தானாக எழுப்பிவிட்டது. பழைய பக்கத்தில் தானியங்கித் துவக்கத்தை நிறுத்தி, அந்தக் கணினியின் நெட்வொர்க் அட்டையின் இணைப்பையும் துண்டித்து வையுங்கள்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது

இதை நான் கண்டுபிடிக்கவில்லை, மண்டி அண்ணாச்சி கண்டுபிடித்தார். ஞாயிறு இரவு மாற்றி முடித்து, பிரிண்டர் முதல் பில்வரை சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன். “தம்பி, லாரி கிளம்பி நிற்கிறது. பில்லில் நேற்றுத் தேதி போட்டிருக்கிறதே?”

போய்ப் பார்த்தேன். கொட்டாரக்கரைக்கு அரிசி ஏற்றிய லாரிக்கு நாலரை மணிக்கு அடித்த பில். அதில் ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.00. சரியாக ஐந்தரை மணி நேரக் குறைவு. நான் இரவு சோதித்தபோதும் நேரம் தவறாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தேதி மாறவில்லையே, யார் நேரத்தைப் பார்த்தார்கள்? விடியலுக்கு முன் பில் அடிக்கிற கடையில்தான் இந்தக் குறை வெளியே வரும். பகலில் திறக்கும் கடையாக இருந்தால் மாதக்கணக்கில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஐந்தரை மணி நேரம் என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கும் என்று விண்டோஸ் எதிர்பார்க்கும். லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எதிர்பார்க்கும். புதுக் கணினியை உருவாக்கும்போது இயங்குதள வகையை நான் அவசரத்தில் ‘லினக்ஸ்’ என்றே விட்டிருந்தேன். பிராக்ஸ்மாக்ஸ் பொதுநேரத்தைக் கொடுக்க, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சர்வருக்கு இணையம் கொடுக்காததால் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. இயங்குதள வகையை விண்டோஸ் என்று மாற்றி, கணினியை முழுவதும் அணைத்து எழுப்பினால் சரியாகிவிடும். உள்ளிருந்து மறுதுவக்கம் செய்தால் போதாது. தலைகீழாக, லினக்ஸ் கணினிக்கு விண்டோஸ் வகையைக் கொடுத்துவிட்டால் நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடும்.

அன்று தவறான தேதியில் போன பில்கள் மொத்தம் நான்கு. அண்ணாச்சி திட்டவில்லை. நான்கையும் ரத்து செய்து புதிதாக அடிக்கும்வரை டிரைவர் சேட்டனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். இட்லிக் கணக்கு மட்டும் என் பெயரில் எழுதப்பட்டது.

உரிமம் செல்லாது, மீட்புச்சாவி கொடு என்கிறது

பிட்லாக்கர் நாற்பத்தெட்டு இலக்க மீட்புச்சாவி கேட்டால், மாற்றுவதற்கு முன் அதை இடைநிறுத்த மறந்திருக்கிறீர்கள். சாவி இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய கணினியை எழுப்பி, இடைநிறுத்தி, மறுபடி நகலெடுங்கள். கணக்கு மென்பொருள் தன் உரிமத்தைப் பறித்துக்கொண்டால் பெரும்பாலும் அது நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரியையோ கணினியின் அடையாள எண்ணான யுயுஐடியையோ பார்த்திருக்கிறது. இரண்டும் விஎம்எக்ஸ் கோப்பில் இருக்கின்றன. அதே எண்களைப் புதுக் கணினிக்கும் கொடுங்கள். யுஎஸ்பி பூட்டுச்சாவி வைத்த மென்பொருளென்றால் அந்தச் சாவியைப் புதுச் சர்வரில் செருகி, வன்பொருள் பக்கத்தில் யுஎஸ்பி சாதனமாகக் கணினிக்குக் காட்ட வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் இழுக்கிறது; டிஸ்க்கும் வீங்கிவிட்டது

முதல் நாள் சமாளிக்க வைத்த சாட்டா இணைப்பும் இ1000 நெட்வொர்க் அட்டையும் அப்படியே நிலைத்துவிடுவதுண்டு. வேலை நடக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். இரண்டையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள், வித்தியாசம் தெரியும்.

120 ஜிபி மட்டுமே பயன்பட்ட 500 ஜிபி டிஸ்க் இந்தப்பக்கம் வந்து முழு 500-ஐயும் அடைத்துக்கொண்டால், டிஸ்க் அமைப்பில் ‘டிஸ்கார்ட்’ என்பதை இயக்குங்கள். பிறகு லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் கட்டளை, விண்டோஸில் டிரைவ்களைச் செம்மையாக்கும் கருவி. வெற்றிடம் திரும்பி வரும். சேமிப்பிடம் மெல்லிய ஒதுக்கீட்டை, அதாவது பயன்பட்ட அளவுக்கு மட்டும் இடம் எடுப்பதை, ஏற்கும் வகையாக இருந்தால்தான் இது பலிக்கும். எல்விஎம் என்ற சேமிப்பு முறையின் சாதாரண வகையில் பலிக்காது.

எந்தக் குறையும் இல்லை, ஆனால் கணக்கு பழையது

எனக்குத் தூக்கம் கெடுத்த ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன். திரையில் பிழை இல்லை, நீலம் இல்லை, நெட்வொர்க் உண்டு, நேரம் சரி. கணினி அழகாக எழுகிறது. கணக்கு மென்பொருளைத் திறந்தால் கடைசி பில் ஏழு மாதத்துக்கு முந்தையது.

யாரோ எப்போதோ ஒரு மேம்படுத்தலுக்கு முன் விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். எடுத்த கணத்தோடு மூல டிஸ்க் உறைந்துவிடும். அதன்பின் எழுதப்பட்டதெல்லாம் பெயரில் 000001 என்று சேர்ந்த இன்னொரு கோப்புக்குள் போகும். மூல டிஸ்க்கை மட்டும் நகலெடுத்தால் வருவது உறைந்த அந்த நாள். இதிலுள்ள ஆபத்து, நகல் பழையது என்று தெரியாமல் கடையில் பில் அடிக்கத் தொடங்கிவிடுவது. இரண்டு நாள் போனால் ஏழு மாதக் கணக்கு ஒரு கணினியில், இரண்டு நாள் கணக்கு இன்னொன்றில்.

அடைவைத் திறந்து, அந்த எண் சேர்ந்த கோப்பு இருக்கிறதா என்று நகலெடுக்கும் முன்பே பாருங்கள். இருந்தால் விஎம்வேரின் ஸ்னாப்ஷாட் மேலாளரில் ‘அனைத்தையும் நீக்கு’ என்பதைக் கொடுங்கள். பெயர்தான் மிரட்டுகிறது, ஏழு மாதத் தரவை அது அழிப்பதில்லை, மூல டிஸ்க்கில் சேர்த்துவிடுகிறது. மேலாளரில் ஒன்றும் தெரியாமல் அடைவில் மட்டும் கோப்பு இருந்தால் ‘ஒருங்கிணை’ என்ற தெரிவு உதவும். சேர்த்து முடிய மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் நிறுத்தக் கூடாது. முடிந்தபின் எண் சேர்ந்த கோப்பு மறைந்ததை உறுதிசெய்துகொண்டு நகலெடுங்கள்.

புளியரை மரக்கடையின் கணக்குப்பிள்ளை கணினியை நம்பாதவர். பழைய கணினியில் அடித்த கடைசி பில் எண்ணை மேஜைக்குமேல் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மாற்றி முடித்ததும் என்னை நகரச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையையும் சுவரையும் இரண்டு முறை பார்த்தார். “எட்டு குறைகிறது” என்றார். நகலெடுக்கத் தொடங்கிய பிறகும் மரம் ஏற்றிக்கொண்டிருந்த பையன் பழைய கணினியில் எட்டு பில் அடித்திருக்கிறான். அவற்றைக் கையால் ஏற்றினோம். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் என் பையில் ஒரு பென்சில் இருக்கிறது.